மோட்டார் சைக்கிள் பேட்டரி இறங்கிவிட்டால் கவனிக்க வேண்டியவை

கிராமங்களில் மோட்டார் சைக்கிளும் மொபெட்டும் இன்று மண்வெட்டி, கடப்பாரை போலவே பண்ணைக் கருவிகளாகிவிட்டன. விடியற்காலையில் பால் கேன்களைச் சங்கத்துக்குக் கொண்டு செல்லவும், காய்கறியையும் பூவையும் சந்தையில் சேர்க்கவும், உர மூட்டை ஏற்றி வரவும், இரவில் தண்ணீர் கட்டப் போகவும் இவையே பயன்படுகின்றன. அதிகாலை 5 மணிக்கு வண்டி கிளம்பவில்லை என்றால் அன்றைய பால் கொள்முதல் நேரம் தவறும். பறித்த மல்லிகை விலை இழக்கும். இரவில் வரப்புப் பாதையில் முன்விளக்கு அணைந்தால் உயிருக்கே ஆபத்து.

முன்பு ஓடிய மொபெட்டுகள் பலவற்றில் பேட்டரியே கிடையாது. இன்ஜினோடு சுழலும் மேக்னெட்டிலிருந்தே பொறியும் வெளிச்சமும் கிடைத்தன. இப்போது நிலைமை வேறு. 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ்.6 புகை விதிகளுக்குப் பிறகு வந்த வண்டிகளில் பெரும்பாலானவை கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் அமைப்பைக் கொண்டவை. இவற்றில் பெட்ரோல் பம்ப் ஓடுவதற்கே மின்சாரம் வேண்டும். ஆகவே பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பல வண்டிகள் எத்தனை முறை உதைத்தாலும் கிளம்புவதில்லை.

வண்டி கிளம்பாத அன்றே புதிய பேட்டரி வாங்கி மாட்டிவிடுவது பலரது வழக்கம். இதற்கு ஆயிரம் ரூபாய் அளவில் செலவாகிறது. ஆனால் குறை வேறு இடத்தில் இருந்தால் புதிய பேட்டரியும் சில நாட்களில் இறங்கிவிடும். எனவே குறை எங்கே இருக்கிறது என்று முறையாகப் பார்த்துச் செலவு செய்வதே சிக்கனம்.

தண்ணீர்த் தொட்டி போன்றது பேட்டரி

பேட்டரியை ஒரு தண்ணீர்த் தொட்டி என்று வைத்துக் கொள்ளலாம். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் மேக்னெட் காயில், கிணற்று மோட்டார் போன்றது. மின்சாரத்தைத் திருத்தி அளவோடு பேட்டரிக்கு அனுப்பும் ரெகுலேட்டர் ரெக்டிபையர், அதாவது மெக்கானிக்குகள் ஆர்.ஆர். யூனிட் என்று சொல்லும் பெட்டி, கேட் வால்வு போன்றது. வயர்கள் வாய்க்கால்கள். விளக்கு, ஹாரன், செல்ப் ஸ்டார்ட்டர் முதலியவை பாயும் வயல்கள்.

தொட்டி காலியாக இருந்தால் விவசாயி என்ன பார்ப்பார்? தொட்டியில் ஓட்டையா, மோட்டார் தண்ணீர் இறைக்கவில்லையா, எங்காவது மடை உடைந்து வீணாக ஒழுகுகிறதா, குழாய் வாய் அடைத்துக் கொண்டதா என்று பார்ப்பார். பேட்டரிக் குறையையும் இதே நான்கு கேள்விகளால் கண்டுபிடித்து விடலாம்.

12 வோல்ட் பேட்டரியில் 6 செல்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 2.1 வோல்ட் தரும். செல்லின் உள்ளே காரீயத் தகடுகளும் நீர்த்த கந்தக அமிலமும் இருக்கின்றன. மின்சாரம் எடுக்க எடுக்கத் தகடுகளின் மேல் காரீய சல்பேட் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. சார்ஜ் ஏற்றும்போது இந்தப் படிவு கரைந்து பழைய நிலை திரும்புகிறது. ஆனால் இறங்கிய பேட்டரியை வாரக்கணக்கில் அப்படியே விட்டுவிட்டால், உவர் நிலத்தில் உப்புப் பூத்து இறுகுவது போல இந்தச் சல்பேட்டும் கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பேட்டரி பழைய திறனைப் பெறாது. ஆகவே இறங்கிய பேட்டரியை அன்றைக்கே அல்லது மறுநாளே சார்ஜ் ஏற்றுவது மிக முக்கியம்.

முதலில் எளிய சோதனைகள்

ஸ்பேனரை எடுக்கும் முன் சில சுலபமான விஷயங்களைச் சரிபார்க்க வேண்டும். கைப்பிடியில் உள்ள இன்ஜின் நிறுத்தும் சுவிட்ச் தவறுதலாக அணைக்கப்பட்டிருக்கலாம். பக்கவாட்டு ஸ்டாண்டு கீழே இருந்தால் பல புதிய வண்டிகள் கிளம்பா. சில வண்டிகளில் கிளட்ச்சைப் பிடித்தால்தான் செல்ப் வேலை செய்யும். டேங்கில் பெட்ரோல் இருக்கிறதா என்றும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

அடுத்து, சாவியைப் போட்டு ஹாரனை அழுத்தியும், இண்டிகேட்டரைப் போட்டும், செல்ப் பட்டனை அழுத்தியும் பார்க்க வேண்டும். கிடைக்கும் அறிகுறியைக் கொண்டு குறையை ஏறக்குறைய ஊகிக்கலாம்.

1. எந்த விளக்கும் எரியவில்லை, ஹாரனும் இல்லை: பியூஸ் போயிருக்கலாம், பேட்டரி முனை கழன்றிருக்கலாம், சாவி சுவிட்ச் பழுதாகியிருக்கலாம், அல்லது பேட்டரி முழுவதும் இறங்கியிருக்கலாம்.

2. விளக்கு மங்கலாக எரிகிறது, ஹாரன் கம்முகிறது, செல்ப் அழுத்தினால் 'டக், டக்' என்ற சத்தம் மட்டும் வருகிறது: பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது முனைகளில் பிடிப்பு இல்லை.

3. விளக்கும் ஹாரனும் நன்றாக உள்ளன, செல்ப் மட்டும் சத்தமே இல்லை: ஸ்டார்ட்டர் பட்டன், ஸ்டார்ட்டர் ரிலே, கிளட்ச் சுவிட்ச் ஆகியவற்றில் குறை. பேட்டரி மேல் பழி போட வேண்டாம்.

4. செல்ப் வேகமாகச் சுழல்கிறது, இன்ஜின் பிடிக்கவில்லை: இது பேட்டரிக் குறை அல்ல. பெட்ரோல், ஸ்பார்க் பிளக், பிளக் கேப் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

5. மாலையில் நன்றாக ஓடிய வண்டி காலையில் கிளம்பவில்லை: பேட்டரியில் ஒரு செல் கெட்டிருக்கலாம், அல்லது இரவில் எங்கோ மின்சாரம் ஒழுகுகிறது.

6. பல்புகள் அடிக்கடி பியூஸ் ஆகின்றன, பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றுகிறது: ஆர்.ஆர். யூனிட் அளவுக்கு மேல் மின்சாரத்தை அனுப்புகிறது.

முனைகளைச் சுத்தம் செய்தல்

பேட்டரிக் குறை என்று பட்டறைக்கு வரும் வண்டிகள் பலவற்றில், முனைகளைச் சுத்தம் செய்து இறுக்கினாலே வண்டி கிளம்பிவிடுவது உண்டு. முனையில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும் உப்பு மின்சாரத்தைத் தடுக்கிறது. சிறிய விளக்கு எரியும் அளவுக்கு மின்சாரம் போகும். செல்ப் கேட்கும் பெரிய அளவு மின்சாரம் போகாது.

பேட்டரியைக் கழற்றும்போது எதிர்முனை வயரை, அதாவது கறுப்பு நிற நெகட்டிவ் வயரை, முதலில் கழற்ற வேண்டும். பிறகே சிவப்பு நிற பாசிட்டிவ் வயர். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இதற்குக் காரணம் உண்டு. வண்டியின் இரும்புச் சட்டம் முழுவதும் நெகட்டிவ் முனையோடு இணைந்தது. நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் போல்ட்டில் வைத்த ஸ்பேனர் சட்டத்தில் பட்டால் பெரிய தீப்பொறி எழும்.

ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் முனைகளைத் தேய்த்தால் உப்பு நுரைத்துக் கரையும். இந்தச் சோடா நீர் பேட்டரியின் மூடி வழியே உள்ளே போகக் கூடாது. நன்கு துடைத்து உலர்த்தி, வயர்களை மாட்டி இறுக்கி, மேலே சிறிது வாசலின் தடவினால் மீண்டும் உப்புப் பூப்பது குறையும். நெகட்டிவ் வயரின் மறுமுனை சட்டத்தில் மாட்டப்பட்டுள்ள எர்த் போல்ட்டையும் கழற்றி, துரு நீக்கி இறுக்க வேண்டும். பலரும் மறந்துவிடும் இடம் இது.

பியூஸ் போனால்

பியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே சிறு பெட்டியில் இருக்கும். அதன் மேல் 10, 15, 20 என்று ஆம்பியர் அளவு எழுதப்பட்டிருக்கும். அதே அளவுள்ள பியூஸையே மாற்ற வேண்டும். அவசரத்துக்குச் செம்புக் கம்பியையோ சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையோ சுற்றி ஓட்டுவது வயரிங் முழுவதையும் எரித்துவிடும். பெட்ரோல் டேங்குக்கு அடியிலேயே இந்த வயர்கள் செல்கின்றன என்பதை மறக்கக் கூடாது.

புதிய பியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. கைப்பிடி திரும்பும் கழுத்துப் பகுதி, சீட்டின் அடி, பின்புற கேரியரின் கீழ் செல்லும் பின்விளக்கு வயர் ஆகிய மூன்று இடங்களை முதலில் பார்க்க வேண்டும். பால் கேனும் மூட்டையும் அழுத்தும் கேரியரில் வயர் உராய்ந்து தோல் உரிந்து இரும்பைத் தொடுவது சாதாரணமாக நடக்கிறது.

பேட்டரியைச் சோதித்தல்

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சாதாரண மல்டி மீட்டர் இருந்தால் பேட்டரியின் நிலையை வீட்டிலேயே அறியலாம். நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக் கொண்டாலும் போதும். பம்புசெட் கிணற்றடியில் வேறு பல வேலைகளுக்கும் அது உதவும்.

மீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, சிவப்புக் கம்பியைப் பாசிட்டிவ்விலும் கறுப்புக் கம்பியை நெகட்டிவ்விலும் தொட வேண்டும். வண்டி ஓடி நின்று சில மணி நேரம் கழித்து எடுக்கும் அளவே உண்மையான அளவு.

12.6 முதல் 12.8 வோல்ட் வரை இருந்தால் பேட்டரியில் முழு சார்ஜ் உள்ளது. 12.4 என்றால் முக்கால் அளவு, 12.2 என்றால் ஏறக்குறையப் பாதி, 12.0 என்றால் கால் அளவு. 11.8-க்குக் கீழ் இருந்தால் இறங்கிவிட்டது என்று கொள்ள வேண்டும். சார்ஜ் ஏற்றிய பிறகும் 10.5 வோல்ட் அளவிலேயே நின்றால் ஆறு செல்களில் ஒன்று இறந்துவிட்டது என்று பொருள். அந்தப் பேட்டரிக்கு மேலும் செலவு செய்வது வீண்.

ஓய்வில் நல்ல வோல்ட் காட்டும் பேட்டரியும் சுமை ஏற்றினால் படுத்துவிடுவது உண்டு. இதை அறிய, மீட்டரை முனைகளில் பிடித்துக் கொண்டு மற்றொருவர் செல்ப் பட்டனை அழுத்த வேண்டும். அப்போது வோல்ட் 9.5-க்குக் கீழ் இறங்கக் கூடாது. முழு சார்ஜ் உள்ள பேட்டரி 8 வோல்ட்டுக்கு விழுந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் ஹைட்ரோமீட்டரால் அமிலத்தின் அடர்த்தியையும் பார்க்கலாம். முழு சார்ஜில் 1.250 முதல் 1.280 வரை இருக்கும், 1.200 அளவில் பாதி சார்ஜ், 1.120 என்றால் காலி. ஆறு செல்களில் ஒன்று மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அந்தச் செல்லே கெட்டது.

தண்ணீர் ஊற்றும் முறை

தண்ணீர் ஊற்றும் வகைப் பேட்டரியில் மேல்கோடு, கீழ்க்கோடு என்று இரண்டு குறிகள் இருக்கும். திரவ மட்டம் இவ்விரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும். மட்டம் குறைந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீரில் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். காய்ச்சி வடிகட்டிய குடிநீரும், விலைக்கு விற்கும் கேன் தண்ணீரும் டிஸ்டில்டு வாட்டருக்கு ஈடாகா. அமிலம் ஊற்றுவதும் தவறு. வற்றுவது தண்ணீர்தான், அமிலம் உள்ளேயே இருக்கிறது. மேலும் அமிலம் சேர்த்தால் தகடுகள் அரித்துப் போகும்.

சித்திரை, வைகாசி வெயிலில் தண்ணீர் விரைவாக வற்றும். பேட்டரியின் வெப்பநிலை சுமார் 10 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே வண்டியைக் களத்து மேட்டில் வெயிலில் நிறுத்தாமல் புளிய மரத்து நிழலிலாவது நிறுத்துவது நல்லது.

இப்போதைய வண்டிகளில் பெரும்பாலும் மூடி திறக்க முடியாத, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரிகள் வருகின்றன. இவற்றின் மேல்மூடியை ஸ்குரூ டிரைவரால் நெம்பித் திறந்து தண்ணீர் ஊற்றுவது பேட்டரியைக் கொல்வதற்குச் சமம்.

சார்ஜ் ஏற்றும் முறை

பேட்டரியின் மேல் 4 ஏ.எச்., 5 ஏ.எச்., 9 ஏ.எச். என்று அதன் கொள்ளளவு எழுதப்பட்டிருக்கும். இந்த எண்ணில் பத்தில் ஒரு பங்கு ஆம்பியரில் சார்ஜ் ஏற்றுவதே பாதுகாப்பான முறை. 4 ஏ.எச். பேட்டரிக்கு 0.4 ஆம்பியர், 9 ஏ.எச். பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். முழுவதும் இறங்கிய பேட்டரிக்கு 10 முதல் 12 மணி நேரம் ஆகும்.

இங்கேதான் பல பேட்டரிகள் கெட்டுப் போகின்றன. 75 ஏ.எச். கொண்ட டிராக்டர் பேட்டரிக்கு ஏழெட்டு ஆம்பியர் ஏற்றலாம். அதே வரிசையில் மோட்டார் சைக்கிள் பேட்டரியையும் சேர்த்து ஏற்றினால் ஒரு மணி நேரத்தில் சூடேறி, தகடுகள் வளைந்து, பேட்டரி உப்பிவிடும். சார்ஜ் கடையில் கொடுக்கும்போது, "சின்ன பேட்டரி, மெதுவாக ஏற்றுங்கள்" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும்.

விசைத்தெளிப்பான் வைத்திருப்போர் அதன் சார்ஜரைப் பயன்படுத்த நினைக்கலாம். சார்ஜரின் மேல் எழுதியுள்ளதைப் படித்த பிறகே அதைச் செய்ய வேண்டும். 12 வோல்ட் காரீய அமிலப் பேட்டரிக்கு உரியதா என்று முதலில் பார்க்க வேண்டும். லித்தியம் பேட்டரி கொண்ட தெளிப்பானின் சார்ஜரை ஒருபோதும் மாட்டக் கூடாது. உரிய வகையாக இருந்தாலும் அதன் ஆம்பியர் அளவு 4 ஏ.எச். பேட்டரிக்கு அதிகமாக இருக்கக் கூடும்.

சார்ஜ் ஏறும்போது பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். இது வெடிக்கும் தன்மை உடையது. எனவே காற்றோட்டமான இடத்தில் வைத்து ஏற்ற வேண்டும். அருகில் பீடி, அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. அமிலம் தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண் என்றால் 15 நிமிடமாவது தொடர்ந்து கழுவி, தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வண்டி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறதா?

பேட்டரி நன்றாக இருந்தும் அடிக்கடி இறங்கினால், இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். வண்டியைக் கிளப்பி, மீட்டரைப் பேட்டரி முனைகளில் வைத்து, ஆக்சிலரேட்டரை மெல்ல முறுக்க வேண்டும். வோல்ட் 13.5 முதல் 14.8 வரை ஏறி நின்றால் சார்ஜிங் சரியாக உள்ளது.

வோல்ட் ஏறாமல் 12.4-லேயே நின்றாலோ மெல்ல இறங்கினாலோ சார்ஜ் ஏறவில்லை. ஆர்.ஆர். யூனிட்டுக்குச் செல்லும் பிளக்கைக் கழற்றி, உள்ளே கருகியிருக்கிறதா, பச்சை பிடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சுத்தமாக இருந்தால் மேக்னெட் காயிலையும் ஆர்.ஆர். யூனிட்டையும் தேர்ந்த மெக்கானிக்கிடம் சோதிக்கக் கொடுக்க வேண்டும். வோல்ட் 15-ஐத் தாண்டினால் ஆர்.ஆர். யூனிட் கெட்டுவிட்டது. அதை மாற்றாமல் புதிய பேட்டரி போட்டால் அதுவும் கொதித்துக் கெடும்.

இன்ஜின் ஓடிக் கொண்டிருக்கும்போது பேட்டரி வயரைக் கழற்றிப் பார்ப்பது சிலரது வழக்கம். "வயரைக் கழற்றியும் வண்டி ஓடினால் சார்ஜிங் சரி" என்பது அவர்கள் கணக்கு. பேட்டரி இல்லாமல் வோல்ட் திடீரென்று ஏறி, பல்புகளையும் இன்ஜின் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் எரித்துவிடக் கூடும். புதிய வண்டிகளில் அந்தப் பெட்டியின் விலை பேட்டரியின் விலையைப் போலப் பல மடங்கு. இந்தச் சோதனையை யாரும் செய்ய வேண்டாம்.

இரவில் ஒழுகும் மின்சாரம்

சாவியை எடுத்த பிறகும் சிறிதளவு மின்சாரம் எங்காவது போய்க்கொண்டிருந்தால் பேட்டரி தானாக இறங்கும். இதை அளக்க, நெகட்டிவ் வயரைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, ஒரு கம்பியை நெகட்டிவ் முனையிலும் மற்றொன்றைக் கழற்றிய வயரிலும் தொட வேண்டும். அப்போது சாவியைப் போடவோ செல்ப் பட்டனை அழுத்தவோ கூடாது, மீட்டர் கெட்டுவிடும்.

ஓரிரு மில்லி ஆம்பியர் காட்டினால் கவலை இல்லை. டிஜிட்டல் மீட்டர், கடிகாரம் முதலியவற்றுக்கு அது தேவை. 4 ஏ.எச். பேட்டரியில் 2 மில்லி ஆம்பியர் ஒழுகினால் முழுவதும் இறங்க ஏறக்குறைய 80 நாட்கள் ஆகும். ஆனால் 20 மில்லி ஆம்பியர் ஒழுகினால் 200 மணி நேரத்தில், அதாவது 8 நாட்களில் காலியாகிவிடும். 5 வாட் பின்விளக்கு பல்பு ஒன்று இரவு முழுவதும் எரிந்தாலே 4 ஏ.எச். பேட்டரி விடிவதற்குள் தீர்ந்துவிடும்.

மீட்டர் இல்லாதவர்கள் 5 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைப் பற்றவைத்துச் சோதனை விளக்கு செய்து கொள்ளலாம். அதை மேற்சொன்ன மாதிரி நெகட்டிவ் முனைக்கும் வயருக்கும் நடுவே வைத்தால், பல்பு எரிந்தால் பெரிய ஒழுக்கு உள்ளது. மிகச் சிறிய ஒழுக்கை இது காட்டாது.

ஒழுக்கு இருந்தால், கடையில் பிறகு மாட்டிய கூடுதல் பொருட்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். செல்போன் சார்ஜர், பாட்டுப் பெட்டி, வண்ண விளக்குச் சரம், திருட்டு அலாரம் முதலியவையே பெரும்பாலும் குற்றவாளிகள். பிரேக் சுவிட்ச் ஒட்டிக் கொண்டு பின்விளக்கு எரிந்து கொண்டே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

அதிக வெளிச்சத்துக்காக 35 வாட் பல்புக்குப் பதில் 100 வாட் பல்பு போடுவோர் உண்டு. 35 வாட் பல்புக்கு 3 ஆம்பியர் போதும். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் கேட்கும். சிறிய வண்டியின் காயில் அவ்வளவு தராது. வயரும் சுவிட்ச்சும் சூடேறி உருகும்.

எலியும் உரமும்

பட்டணத்து வண்டிக்கு இல்லாத இரண்டு பகைகள் விவசாயியின் வண்டிக்கு உண்டு. ஒன்று எலி. வைக்கோல் போர் அருகிலோ, நிலக்கடலை மூட்டை வைத்த அறையிலோ வண்டியை நிறுத்தினால் எலி சீட்டுக்கு அடியில் புகுந்து வயரைக் கடிக்கும். சீட்டின் கீழும் பக்கப் பெட்டியிலும் விதை, கடலை, தின்பண்டம் எதுவும் வைக்கக் கூடாது. வெளியே தெரியும் வயர்களுக்குப் பிளாஸ்டிக் குழாய் உறை போடலாம். வண்டியில் எலி மருந்து வைப்பது குழந்தைகளுக்கும் ஆடு, கோழிகளுக்கும் ஆபத்து.

கடிபட்ட வயரை வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் மழையில் மீண்டும் பச்சை பிடிக்கும். அதே கனமுள்ள வயரை இணைத்து, ஈயப் பற்று வைத்து, டேப் சுற்ற வேண்டும். அருகருகே உள்ள இரண்டு வயர்களின் இணைப்புகள் ஒரே இடத்தில் வராமல் தள்ளித் தள்ளி அமைப்பது நல்லது.

இரண்டாவது பகை உரம். யூரியாவும் பொட்டாஷும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மூட்டையிலிருந்து உதிரும் துகள் வயர் இணைப்புகளில் படிந்தால் செம்பையும் இரும்பையும் அரிக்கும். உர மூட்டை ஏற்றும்போது கீழே ஒரு தார்ப்பாய்த் துண்டை விரித்து, இறக்கியதும் வண்டியை ஈரத் துணியால் துடைத்து, பின் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். பம்புசெட் குழாயின் வேகமான தண்ணீரை முன்விளக்கின் பின்புறம், சாவி சுவிட்ச், சீட்டின் அடி ஆகிய இடங்களில் நேராகப் பாய்ச்சக் கூடாது.

அவசரத்துக்கு

அவசரமாகப் புறப்பட வேண்டிய நேரத்தில் டிராக்டர் பேட்டரியிலிருந்து வண்டியைக் கிளப்பலாம். இரண்டும் 12 வோல்ட்தானா என்று உறுதி செய்து கொள்ள வேண்டும். டிராக்டர் இன்ஜின் ஓடக் கூடாது. முதலில் பாசிட்டிவ்வுக்குப் பாசிட்டிவ் இணைத்து, பிறகு டிராக்டரின் நெகட்டிவ்விலிருந்து வரும் வயரின் மறுமுனையை, பேட்டரியைத் தவிர்த்து, வண்டியின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் வைக்க வேண்டும். முனைகளை மாற்றிவிட்டால் ஆர்.ஆர். யூனிட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் ஒரு நொடியில் போய்விடும். வண்டி கிளம்பியதும் மாட்டியதற்கு நேர்மாறான வரிசையில் வயர்களைக் கழற்ற வேண்டும். உப்பிய, வெடித்த, ஒழுகும் பேட்டரியில் இதைச் செய்யக் கூடாது.

இப்படிக் கிளப்பிய வண்டியை ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் பேட்டரி நிறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம். அன்று மாலையே கழற்றித் தனியாகச் சார்ஜ் ஏற்ற வேண்டும். வீட்டிலிருந்து தோட்டத்துக்கும் தோட்டத்திலிருந்து வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டிகளில் ஒவ்வொரு முறையும் செல்ப் போடாமல், கிக்கர் இருந்தால் காலையில் முதல் தடவை உதைத்துக் கிளப்புவது பேட்டரியைக் காக்கும்.

புதியது வாங்கும்போது

வண்டிக்கு உரிய வோல்ட்டும் ஏ.எச். அளவும் கொண்ட பேட்டரியையே வாங்க வேண்டும். தயாரிப்புத் தேதியைப் பார்த்து, கடையில் நெடுநாள் கிடந்ததைத் தவிர்க்க வேண்டும். அமிலம் ஊற்றித் தரும் பேட்டரி என்றால், தயாரிப்பாளர் குறிப்பிட்டபடி முதல் சார்ஜ் ஏற்றிய பிறகே மாட்டச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு உடனே மாட்டினால் பேட்டரி தன் முழுத் திறனை அடையாமலே போகக் கூடும். ரசீதையும் உத்தரவாத அட்டையையும் தேதி எழுதி, கடை முத்திரையுடன் பெற்று, பத்திரப்படுத்த வேண்டும். உத்தரவாத காலத்துக்குள் பழுதானால் மாற்றித் தருவார்கள். அட்டை இல்லாமல் உரிமை கோர முடியாது.

பழைய பேட்டரியை வாங்கிய கடையிலேயே திருப்பித் தர வேண்டும். அதற்கு ஒரு விலையும் கழித்துத் தருவார்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுக்கு உண்டு. காரீயத்துக்காகப் பேட்டரியை உடைத்து, அமிலத்தை வரப்பிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவது பெருந்தீங்கு. காரீயம் மண்ணில் மட்கி அழியாது. கீரையிலும் தீவனத்திலும் ஏறி, குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

மாதம் ஒரு நாள்

மாதத்துக்கு ஒரு நாள் கால் மணி நேரம் ஒதுக்கினால் போதும். முனைகளை இறுக்கி, உப்பிருந்தால் நீக்கி, தண்ணீர் மட்டம் பார்த்து, வோல்ட் அளந்து, முன்விளக்கு, பின்விளக்கு, பிரேக் விளக்கு ஆகியவற்றைச் சோதித்து, கேரியரின் கீழ் வயர் உராய்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வேலையில்லாத நாட்களில் வண்டியை இரண்டு வாரத்துக்கு மேல் நிறுத்த நேர்ந்தால் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்து, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்ற வேண்டும். டிராக்டர், பவர் டில்லர் பேட்டரிகளுக்கும் இதே முறைகள் பொருந்தும். சார்ஜ் ஏற்றும் ஆம்பியர் அளவு மட்டுமே வேறுபடும்.

இவ்வாறு கவனித்து வந்தால் பேட்டரி உத்தரவாத காலத்தைக் கடந்தும் உழைக்கும். பால் நேரத்துக்குச் சங்கம் சேரும். இரவுப் பாசனத்துக்குப் போகிறவர் வெளிச்சத்தோடு வீடு திரும்புவார்.